தவழும் பருவத்தில் ஓர் உதவி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

     

நாடகமும் நாட்டியமும் காத்திருக்கும் இம்மாலையில் ஒரு கணக்கு எழுத்தரின் பேச்சைக் கேட்க உங்களுக்கு எவ்வளவு பொறுமை இருக்கும் என்பதை நாங்கள் அறிவோம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பேரேட்டில் எண்களைக் கூட்டிக்கொண்டிருப்பவர்களுக்குச் சொற்பொழிவு கைவந்த கலை அன்று. எனினும் செயலாளர் அவர்கள், "பிள்ளைகளுக்காகத் தொடங்கினீர்களே, அதைப்பற்றி நீங்களே சொன்னால்தான் சரி" என்று மும்முறை வீட்டுக்கு வந்து வற்புறுத்தினார்கள். ஆகவே வந்து நிற்கிறோம். "நாங்கள்" என்று ஈண்டுச் சொல்லும்போது சில இடங்களில் கணவன் மனைவி இருவரையும், சில இடங்களில் அமைப்பைத் தொடங்கிய எழுவரையும் குறிக்கும். தனித்து ஒருவர் செய்ததாகச் சொல்லத்தக்கது இதில் ஒன்றும் இல்லை.

தொடங்குமுன் ஒரு விதியைச் சொல்லிவிட வேண்டும். 1966-ஆம் ஆண்டின் ரயில்வே ஊழியர் நடத்தை விதிகளின்படி, முன் அனுமதியின்றி ஊழியர் எவரும் நிதி திரட்டுதல் கூடாது. ஆகையால் இம்மேடையிலிருந்து நாங்கள் ஒரு காசும் கேட்கப்போவதில்லை. கணக்கை மட்டும் சொல்லுவோம். கேட்க வேண்டியவர் எங்கள் தலைவி அம்மையார், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். அவரை எந்த விதியும் தடுக்காது. (சிரிப்பு)

எங்கள் இரண்டாம் மகள் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். பிறந்த மூன்றாம் நாள் மஞ்சள் கண்டது. நீல விளக்கின் கீழ்ச் சில நாட்கள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பெற்றோர் இருவருக்கும் பெரிய கண்டம் கடந்துவிட்ட மகிழ்ச்சி. ஆறாம் மாதத்தில் குழந்தையைத் தோளில் தூக்கினால் தலை நிற்கவில்லை. பத்தாம் மாதத்தில் உட்கார வைத்தால் பக்கத்தில் சாய்ந்தாள். கைவிரல்களை எப்போதும் மூடியே வைத்திருந்தாள். துணி மாற்றும்போது இரு கால்களும் கத்திரிக்கோல் போலக் குறுக்கே இறுகிக்கொள்ளும். அவள் தாய் இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகக் கண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஊரிலிருந்து வந்திருந்த பெரியவர்கள், "குறைமாதப் பிள்ளை, மெல்லத்தான் வரும். உன் மாமனாரே மூன்று வயதில்தான் நடந்தார்" என்றார்கள். அந்த மாமனாரின் மகனாகிய நாங்களும் அதை நம்பவே விரும்பினோம். பின்னர் நேர்த்திக்கடன், முடியிறக்கல், எண்ணெய் தேய்ப்பு, ஒரு பாஸில் ஊருக்குப் போய்வருதல் என்று மாதங்கள் சென்றன. எவர் மீதும் பழி சொல்லுவதற்கில்லை. பழி எங்களுடையதே.

குழந்தைக்கு இரண்டு வயது எட்டு மாதம் ஆனபோது கொல்கத்தாவில் ஒரு மருத்துவரிடம் கொண்டுபோனோம். பெருமூளை வாதம் என்றார். அதன்பின் அவர் கேட்ட கேள்வி ஒன்றே: "உங்களுக்கு முதன்முதலில் ஐயம் தோன்றியது எப்போது?" எங்கள் வீட்டு அம்மையார், "ஆறாம் மாதம்" என்றார். மருத்துவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மேசை மேல் வைத்துவிட்டுச் சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் எங்களைக் கடிந்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். இரண்டு ஆண்டும் இரண்டு மாதமும் என்று, தொழில் பழக்கத்தால், எங்கள் மனம் தானாகவே கழித்துக் கணக்குப் போட்டுவிட்டது.

அவ்விரண்டு ஆண்டுகளின் மதிப்பு என்ன என்பதைப் பின்னர்தான் படித்தும் கேட்டும் அறிந்தோம். மனித மூளை இரண்டாம் ஆண்டு முடிவதற்குள்ளேயே, வளர்ந்தவர் மூளையின் அளவில் ஏறக்குறைய 80 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. அக்காலத்தில் நரம்புகளின் இணைப்புகள் மிக விரைவாக உண்டாகின்றன. பயன்படுவன நிலைக்கின்றன, பயன்படாதன உதிர்கின்றன. ஒரு பகுதிக்கு ஊறு நேர்ந்திருந்தாலும், பயிற்சியினால் வேறு வழிகளைத் திறந்துகொள்ளும் ஆற்றல் அப்பருவத்து மூளைக்கு மிகுதி. பெருமூளை வாதத்தை எந்தப் பயிற்சியும் அடியோடு நீக்கிவிடாது. அப்படிச் சொல்லுபவர் எவராயினும் அவரிடம் பணம் கொடுக்காதீர்கள். ஆனால் முதலாண்டிலேயே தொடங்கினால் தசை இறுகிச் சுருங்குவதைப் பெரிதும் தடுக்கலாம். இடுப்பு மூட்டு நழுவாமல் காக்கலாம். உட்காரவும் உண்ணவும் தன் விருப்பத்தைச் சொல்லவும் கற்பிக்கலாம். செவிப்புலன் குறைவு என்றால் கணக்கு இன்னும் கண்டிப்பானது. பிறந்த ஒரு மாதத்துக்குள் செவிச் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்று உலகெங்கும் மருத்துவர்கள் வரையறுத்திருக்கின்றனர். எட்டாம் மாதத்தில் பிறக்கும் குழந்தைக்கு முப்பது நாட்களுக்குள் விழித்திரையைச் சோதிக்க வேண்டும் என்பதும் எங்களுக்கு அன்று தெரியாது. எங்கள் மகளுக்குப் பார்வை தப்பியது இறைவன் அருள்.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்னும் பழமொழியைப் பிள்ளைகளை அடிப்பதற்கே நாம் இதுகாறும் பயன்படுத்தி வந்திருக்கிறோம். ஐந்து என்பதே காலங்கடந்த கணக்கு என்பது மூன்று வயதுப் பிள்ளையோடு பயிற்சிக் கூடத்தின் வாயிலில் நின்றபோதுதான் விளங்கிற்று.

நிற்க. அப்பயிற்சிக் கூடத்துக்குப் போய்வந்த கதையையும் சிறிது சொல்ல வேண்டும். வாரம் இருமுறை பயிற்சி. நமக்கு ஆண்டுக்குக் கிடைப்பது மூன்று செட் பாஸ். அதிகாலை லோக்கலில் ஏறினால் ஹவுரா சேர ஏறத்தாழ மூன்று மணி நேரம். அங்கிருந்து பஸ். நமது ஊர் நடைமேடை 1072 மீட்டர் நீளம். உலகிலேயே நீளமானது என்று பல காலம் பெருமை பேசினோம். 2013-இல் கோரக்பூரும் 2023-இல் ஹூப்பள்ளியும் அப்பெருமையைக் கொண்டுபோய்விட்டன. நான்கு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்நடைமேடையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு வாரம் இருமுறை நடந்த எங்கள் வீட்டு அம்மையார், பெருமை போனதில் வருத்தம் இல்லை என்றே சொல்லுவார். (சிரிப்பு)

இனி, எங்கள் அமைப்பின் முதற்பொருள் எது என்றால், அது பணம் அன்று, ஒரு சுவர்ப்படம். அதற்கு யோசனை சொன்னவர் நமது தலைவி அம்மையார். பயிற்சிக் கூடத்தில் ஆங்கிலத்தில் ஒரு வளர்ச்சிப் பட்டியல் தொங்கியது. எத்தனையாம் மாதத்தில் தலை நிற்கும், எப்போது உட்காரும், எப்போது கைதட்டும் என்று. அதைத் தமிழில் எழுதித் தரும்படி அம்மையாரிடம் கொடுத்தோம். அவர் மறுநாள் வந்து, "இதை நம் புலவர்கள் எப்போதோ எழுதி வைத்துவிட்டார்களே!" என்றார். பிள்ளைத்தமிழைச் சொன்னார்.

மூன்றாம் திங்கள் முதல் இருபத்தொன்றாம் திங்கள் வரை ஒற்றைப்படைத் திங்கள்களில் பத்துப் பருவங்கள் என்று இலக்கணம் வகுத்திருக்கின்றனர். நூலுக்கு நூல் சிறு வேறுபாடு உண்டு. ஐந்தாம் திங்களில் செங்கீரை: குழந்தை ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடும். ஒன்பதாம் திங்களில் சப்பாணி: இரு கைகளையும் சேர்த்துக் கொட்டும். பின்னர் வருகை: தளர்நடை நடந்து வரும். அதன்பின் அம்புலி: நிலவைக் காட்டி, வா என்று அழைக்கும் பருவம். இவ்வரிசையைப் பயிற்சியாளரிடம் மொழிபெயர்த்துச் சொன்னபோது அவர் வியந்துபோனார். கை ஊன்றித் தலை நிமிர்த்தாத பிள்ளையின் தசையைச் சோதிக்க வேண்டும். கைதட்டாத பிள்ளையின் இரு கைகளும் ஒருங்கே இயங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒன்றரை வயதாகியும் விரல் நீட்டி ஒரு பொருளைக் காட்டாத, நாம் காட்டும் பொருளைப் பார்க்காத பிள்ளைக்கு ஆட்டிசம் உண்டா என்று ஆராய வேண்டும் என்றார். அம்புலி காட்டிச் சோறூட்டும் தாய், தான் அறியாமலேயே இச்சோதனையை நாள்தோறும் செய்துகொண்டிருக்கிறாள்.

ஆயினும் புலவர் சொன்ன திங்கள் தவறினால் நோய் என்று எவரும் அஞ்ச வேண்டாம். பிள்ளைக்குப் பிள்ளை வேறுபாடு உண்டு. ஆகவே சுவர்ப்படத்தின் அடியில் மருத்துவ எல்லைகளைச் சிவப்பு மையில் எழுதினோம். ஐந்து மாதமாகியும் தலை நில்லாமை. பத்து மாதமாகியும் தானே உட்காராமை. ஓராண்டாகியும் மழலை ஒலியோ கையசைப்போ இல்லாமை. பதினெட்டு மாதமாகியும் நடவாமை. இரண்டு வயதாகியும் இரு சொல் சேர்த்துப் பேசாமை. எவ்வயதிலாயினும் ஒருமுறை கற்றதை இழந்துவிடுதல். இவற்றுள் ஒன்று கண்டாலும் பெரியவர்களின் ஆறுதல் மொழியை நன்றியோடு கேட்டுக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

அச்சுவர்ப்படம் சங்கத்தின் நூலக அறையில் தொங்கியது. இரண்டாம் வாரத்திலேயே ஓர் இளந்தாய் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். கணவர் உதவி லோகோ பைலட். மூன்று நாட்களாக வண்டியில் இருந்தார். கையில் ஏழு மாத ஆண் குழந்தை. "அக்கா, இவன் சிரிக்கிறான், புரளுகிறான், எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் குக்கர் விசிலுக்குத் திரும்புவதில்லை. படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு உறக்கம் இல்லை" என்றார். எங்கள் வீட்டு அம்மையார் குழந்தையின் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டார். மூன்றாம் வீட்டு நாய் குரைத்தது, குழந்தை திரும்பவில்லை.

அடுத்த வாரமே செவிச் சோதனை. இரு செவியிலும் கடுமையான குறைவு. கருவி இரண்டின் விலை ஓர் இளம் ஊழியரின் கையில் அன்று இருந்த தொகைக்கு மிக அப்பாற்பட்டது. துறைவழியாகத் திரும்பப் பெறலாம். ஆனால் முதலில் வாங்கிப் பற்றுச்சீட்டு வைக்க வேண்டும். அரசு இலவசமாக வழங்கும் உதவிச் சாதனத் திட்டத்துக்கு வருமான வரம்பு உண்டு; நம்மில் பலர் அவ்வரம்புக்குச் சற்று மேலே, வசதிக்குச் சற்றுக் கீழே நிற்கிறோம். ஏழு பேர் சேர்ந்து பணத்தைப் புரட்டினோம். ஒன்பதாம் மாதத்தில் குழந்தைக்குக் கருவி பொருத்தப்பட்டது. கருவியை இயக்கியபோது அவன் அழுதுவிட்டான். அவன் அழுததைக் கண்டு அவன் தாய் சிரித்தார். அப்பணம் நான்கு மாதத்தில் திரும்பி வந்தது. அதை எழுவரும் பங்கிட்டுக்கொள்ளாமல் அப்படியே வைத்தோம். நமது நிதியின் தொடக்கம் அதுவே.

எழுவர் என்பது தற்செயலாக அமைந்தது. சட்டமும் அதையே கேட்டது. 1961-ஆம் ஆண்டின் மேற்கு வங்கச் சங்கப் பதிவுச் சட்டப்படி ஓர் அமைப்பைப் பதிவு செய்யக் குறைந்தது எழுவர் வேண்டும். ரயில்வே நடத்தை விதிகளின்படி பணியில் இருப்போர் அறநோக்குடைய அமைப்பில் பங்கு கொள்ளலாம். ஆனால் தேர்தல்வழிப் பதவி வகிக்க முன் அனுமதி வேண்டும். ஆகவே பணியில் இருந்த இருவர் கையெழுத்து மட்டும் இட்டோம். பதவிகள் அனைத்தும் மனைவிமாருக்கும் ஓய்வு பெற்றோருக்கும் போயின. இவ்வேற்பாடு விதிக்குப் பயந்து செய்தது. ஆயினும் இதைவிட நல்ல ஏற்பாடு வேறு இருந்திருக்க முடியாது என்று இப்போது தோன்றுகிறது. பிள்ளையைப் பற்றிய முதல் ஐயம் தாய்க்குத்தான் தோன்றுகிறது. அதை அவள் மற்றொரு பெண்ணிடந்தான் சொல்லுகிறாள்.

அமைப்பின் நோக்கங்களை எழுதும் பணி எங்களிடம் வந்தது. ஆர்வ மிகுதியால் பதினொரு நோக்கங்கள் எழுதினோம். பார்வையற்றோர் பள்ளி, முதியோர் இல்லம், இலவச நூலகம் எல்லாம் அதில் இருந்தன. தலைவி அம்மையார் பழைய ஆசிரியை அல்லவா? சிவப்பு மையால் பத்தை அடித்துவிட்டார். "பிறப்பு முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளின் குறைபாட்டை முன்கூட்டியே அறிந்து பயிற்சி அளிப்பதற்குப் பொருளுதவி செய்தல்" என்ற ஒன்றே எஞ்சியது. ஏன் ஆறு வயது என்று கேட்டோம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் குறைபாடுடைய பிள்ளைக்கு ஆறு வயது முதல் பதினெட்டு வரை இலவசக் கல்வி உரிமையைத் தருகிறது. நமது துறையும் அத்தகைய பிள்ளைக்குக் கல்விப்படியை இருமடங்காகத் தருகிறது. அதுவும் பள்ளியில் சேர்ந்த பின்னர்தான். ஆறாம் வயதில் சட்டம் கை நீட்டுகிறது. பிள்ளையின் மூளையோ அதற்குள் தன் பெரும்பணியை முடித்துவிடுகிறது. அந்த இடைவெளிக்கே நமது நிதி.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லுவது பிழை. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம் பிறப்பு முதல் பதினெட்டு வயது வரை பல வகைக் குறைபாடுகளையும் நோய்களையும் தேடிக் கண்டறிகிறது. அங்கன்வாடிக்கு ஆண்டில் இருமுறை மருத்துவக் குழு வருவதற்கும், மாவட்டந்தோறும் முன்நிலைப் பயிற்சி மையம் அமைப்பதற்கும் அதில் வழி செய்திருக்கின்றனர். ஆனால் நம் காலனிப் பிள்ளைகளில் எத்தனை பேர் அங்கன்வாடிக்குப் போகிறார்கள்? கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு நர்சரிக்கல்லவா போகிறார்கள்! குழு வரும் இடத்தில் நம் பிள்ளை இல்லை. இதற்கு அரசை நோவதற்கில்லை.

எங்களுக்கு முன்னே இவ்வழியில் நடந்தவர்களையும் சொல்ல வேண்டும். 1972-இல் மும்பையில் மிது ஆலூர் அம்மையார் பெருமூளை வாதமுடைய தம் மகளுக்குப் பள்ளி கிடைக்காமல் தாமே ஒன்றைத் தொடங்கினார். 1974-இல் நமது அண்டையிலுள்ள கொல்கத்தாவில் அத்தகைய நிலையம் எழுந்தது. இன்று தாராதலா சாலையில் பெரும் நிறுவனமாக இருக்கிறது. சென்னையில் பூனம் நடராஜன் அம்மையார் 1985-இல் தொடங்கியது இன்று வித்யாசாகர். 1989 முதல் சென்னையில் மதுரம் நாராயணன் மையம் சிறு குழந்தைகளுக்கென்றே நடந்து வருகிறது. தென்காசியை அடுத்த ஆய்க்குடி நம்மில் சிலருக்குச் சொந்த ஊர்ப்பக்கம். அங்கே 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் அவர்கள், 1975-இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழ் அசைவற்றுப் போனவர். அவ்வமைப்பின் பணியாளர்கள் பிள்ளை நம்மிடம் வரட்டும் என்று காத்திராமல் கிராமம் கிராமமாக வீட்டுக்கே போய்ப் பயிற்சி அளிக்கின்றனர். 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. இவர்களோடு எங்களை ஒப்பிட்டுக்கொள்ள வரவில்லை. பெற்றோரோ, பாதிக்கப்பட்டவரோ முதலடி எடுத்து வைத்த இடங்கள் இவற்றுள் பல என்பதைக் கண்டபோது, எங்களுக்குக் கூச்சம் சற்றுத் தணிந்தது.

பணம் சேரத் தொடங்கியவுடன் கருத்து வேறுபாடும் சேர்ந்தது. முதல் வழக்கு கட்டடம் பற்றியது. ஒரு கட்டடம் எழுப்பி நன்கொடையாளர் பெயரைச் சலவைக்கல்லில் பொறித்தால் பணம் தானாக வரும் என்றார்கள் சிலர். அவர்கள் சொன்னதில் உண்மை இருந்தது. ஆனால் கல்லில் பெயர் பொறிக்கும் செலவில் ஒரு பயிற்சியாளரைப் பல சனிக்கிழமைகள் கொல்கத்தாவிலிருந்து வரவழைக்கலாம் என்று கணக்கெழுதுபவர்கள் காட்டினோம். பத்துத் தாய்மார் ஹவுராவுக்குப் போவதைவிட ஒரு பயிற்சியாளர் கரக்பூருக்கு வருவது மலிவு. சங்கம் நூலக அறையைச் சனி மாலைகளில் தந்தது. உபகரணங்களுக்கு நமது பட்டறையில் தச்சராக இருந்து ஓய்வு பெற்ற ஐயா முன்வந்தார். மூலை நாற்காலி, நிற்கும் பலகை எல்லாம் அவர் செய்தவை. பட்டறை மரத்தில் அன்று. விலைக்கு வாங்கிய மரத்தில், தம் வீட்டுத் திண்ணையில். பற்றுச்சீட்டு எங்களிடம் இருக்கிறது. (சிரிப்பு)

இரண்டாம் வழக்கு கடுமையானது. ஏழாவது விண்ணப்பம் ஒரு தமிழ்க் குடும்பத்திலிருந்து வரவில்லை. நிலையத்துக்கு வெளியே தேநீர் விற்கும் ஒடியா நண்பரின் பேத்தி. டவுன் நோய்க்குறியுடன் பிறந்தவள். ரயில்வே மருத்துவ வசதியும் அவர்களுக்கு இல்லை. "தமிழ்ச் சங்கத்து அறையில், தமிழர் கொடுத்த பணத்தில், முதலில் தமிழ்ப் பிள்ளைகள்" என்று ஓர் உறுப்பினர் உறுதியாக நின்றார். அவர் கெட்டவர் அல்லர். தம் மாதச் சந்தாவை ஒரு மாதமும் தவறியதில்லை. மூன்று கூட்டங்கள் நடந்தன. சட்டம் என்ன சொல்லுகிறது, வரிவிலக்கு என்ன ஆகும் என்றெல்லாம் நாங்கள் பேசினோம். தலைவி அம்மையார் பேசவில்லை. மூன்றாம் கூட்டத்தில், அவ்வுறுப்பினரின் தந்தையார் 1960-களில் இவ்வூரில் வந்திறங்கியபோது முதல் ஆறு மாதம் யார் வீட்டுத் திண்ணையில் படுத்திருந்தார் என்று மட்டும் கேட்டார். அது ஒரு வங்காளி வீட்டுத் திண்ணை. அவ்வுறுப்பினர் எழுந்து போய்விட்டார். அமைப்பிலிருந்து விலகியும்விட்டார். வழியில் கண்டால் இன்றும் வணக்கம் சொல்லுகிறார். அவர் மீண்டும் வரவேண்டும் என்பதே எங்கள் விருப்பம். அக்கேள்வியை அவ்வாறு பலர் முன்னிலையில் கேட்டிருக்க வேண்டாம் என்று எங்களில் சிலருக்கு இன்றும் தோன்றுகிறது. அப்பேத்திக்கு இதயத்தையும் தைராய்டையும் சோதித்துப் பயிற்சி தொடங்கினோம். இப்போது ஒன்றரை வயது. பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

மூன்றாவது ஒரு செய்தி, தமிழ்ச் சங்கத்தார் அனைவரும் கேட்க வேண்டியது. பேச்சு வராத பிள்ளையின் பெற்றோரிடம் சிலர், "வீட்டில் தமிழை விட்டுவிடுங்கள், இந்தியோ ஆங்கிலமோ ஒன்றை மட்டும் பேசுங்கள், பல மொழியினால்தான் பிள்ளை குழம்புகிறது" என்று அறிவுரை கூறுகின்றனர். நம் காலனியில் இரு குடும்பங்கள் இதை நம்பி, ஓராண்டு தம் பிள்ளையோடு தமக்கே சரியாக வராத மொழியில் பேசிவந்தன. தாலாட்டையும் நிறுத்திவிட்டார்கள். இரு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் உண்டாவதில்லை. தாய்க்கு எம்மொழி இயல்பாக வருமோ அம்மொழியில் இடைவிடாது பேசுவதே பிள்ளைக்கு நன்று என்பதுதான் பேச்சுப் பயிற்சி வல்லுநர்களின் இன்றைய முடிவு. நமது பயிற்சியாளர் வங்காளப் பெண்மணி. அவர் இப்போது, "சாய்ந்தாடு", "கை வீசு" என்று தமிழ்ச் சொற்களைக் கற்றுக்கொண்டு நம் பிள்ளைகளை ஆட்டுவிக்கிறார். அவர் உச்சரிப்பைக் கேட்டு நம் தாய்மார் நகைக்கிறார்கள். பிள்ளைகள் நகைப்பதில்லை, ஆடுகிறார்கள்.

இனிக் கணக்கு. எழுவர் மாதம் நூறு ரூபாயில் தொடங்கியது இன்று நாற்பத்து மூன்று பேர் தரும் சந்தாவாக வளர்ந்திருக்கிறது. குடும்பத்தின் கையில் பணமாகத் தருவதில்லை. பயிற்சியாளருக்கோ சோதனைச் சாலைக்கோ நேரே செலுத்துகிறோம். விண்ணப்பம் வந்த ஏழு நாட்களுக்குள் முடிவு. எந்தப் பிள்ளையின் படத்தையும் அச்சிடுவதில்லை, எவரையும் மேடையேற்றுவதில்லை. இம்மலருக்காகப் படம் கேட்ட பதிப்புக் குழுவினர் மன்னிக்க வேண்டும். ஓய்வு பெற்ற கார்டு ஒருவரின் மூத்த மகன் அமெரிக்காவிலிருந்து பெருந்தொகை அனுப்ப முன்வந்தார். அவர் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டதால், வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெறாத நாம் அதை ஏற்க இயலாது. துபாயில் இருக்கும் இளைய மகன் இந்தியக் கடவுச்சீட்டு உடையவர். அவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பியதை ஏற்றோம். வரிக்கழிவு பற்றி வினவுவோர்க்கு: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் கழிவு இல்லை, புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு எவ்வாறு தந்தாலும் இல்லை. அதைத் தெரிந்துகொண்ட பின்னும் ஒருவர்கூடச் சந்தாவை நிறுத்தவில்லை.

இன்று பயிற்சி பெறும் பிள்ளைகள் ஒன்பது பேர். காத்திருப்போர் நால்வர். பயிற்சியாளர் மாதம் நான்கு சனிக்கிழமைகள் வருகிறார்; கையிலிருக்கும் தொகை வரும் ஆவணி வரைதான் அதற்குப் போதும். காத்திருக்கும் நால்வரில் இளையவனுக்கு ஐந்து மாதம். தலை இன்னும் நிற்கவில்லை. அவன் தாய் எங்களைச் சந்தையில் காணும்போதெல்லாம் ஒன்றும் கேட்பதில்லை. பிள்ளையைத் தோளில் தூக்கிக் காட்டுகிறார். இதற்குமேல் நாங்கள் சொன்னால் விதியை மீறியவர்களாவோம்.

எங்கள் மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. சக்கர நாற்காலியில் பள்ளிக்குப் போகிறாள். வலக்கை ஒத்துழைக்காது, இடக்கையால் எழுதுகிறாள். நேற்று இவ்வுரையை எழுதிக்கொண்டிருந்தபோது அருகில் வந்து, "என்னைப் பற்றி எழுதுகிறீர்களா அப்பா?" என்றாள். ஆம் என்றோம். "எனக்குப் பாயாசம் பிடிக்காது என்பதையும் எழுதுங்கள். விழாவில் ஒவ்வோர் அத்தையும் ஊட்ட வருகிறார்கள்" என்றாள். எழுதிவிட்டோம். (சிரிப்பு)

நூலக அறையின் முன்வாயிலில் மூன்று படிகள் உண்டு. பக்கவாயிலில் இருந்த படியை இடித்துத் தச்சர் ஐயாவும் இளைஞர்களும் சென்ற மாதம் சாய்தளம் அமைத்துவிட்டார்கள். சனிக்கிழமை மாலை மூன்று மணி முதல் ஆறு மணி வரை அங்கே பாய் விரித்திருக்கும். ஐயம் உள்ளவர்களும் இல்லாதவர்களும் குழந்தையைக் கொண்டுவரலாம். பெயரும் கட்டணமும் கேட்கமாட்டோம். தட்டு ஒன்றும் கிலுகிலுப்பை ஒன்றும் தயாராக இருக்கும்.